வேற்றுமை உருபும் ஒரு கோப்பை உப்புக் கோப்பியும்

போன மாதம், மொழி படிப்பிக்க வந்திருக்கும் உங்களில் ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். பெயரைச் சொல்லமாட்டேன், இதை வாசிக்கும்போது அவருக்கே தெரியும். "சேர், விகுதி படிப்பிக்கத் தொடங்கின உடன வகுப்பில பாதிப்பேரைக் காணேல்லை. என்ன செய்யிறது?" என்று கேட்டார். முதலில் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடியுங்கோ என்று சொல்லி வைத்துவிட்டேன். தட்டிக் கழித்ததாக நினைக்க வேண்டாம். அந்தக் கேள்விக்குத் தொலைபேசியில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

புதிதாக வந்தவர்களுக்காக என்னைப் பற்றி ஒரு வரி. டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்தில் ஒரு மாலைப் பள்ளியில் டேனிஷ்காரர்களுக்குத் துருக்கி மொழி படிப்பித்த யாழ்ப்பாணத்தான் நான். இந்த வரியைச் சொன்னால் எவரும் ஒருமுறை என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு "ஏன்?" என்பார்கள். டேனிஷ் கற்றுக்கொள்ள வெளிக்கிட்டுத்தான் இது நடந்தது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பிரெடெரிசியாவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். என் வரிசையில் நின்ற எல்லோரும் ஒரே மொழியில் கதைத்தார்கள். டென்மார்க்கில் எல்லோரும் கதைக்கும் மொழி வேறு என்னவாக இருக்கும்? காதைத் தீட்டிக்கொண்டு, வேலை நேரம் முழுக்க அந்த மொழியைப் பொறுக்கினேன். பக்கத்தில் நின்றவர் நல்ல மனிதர், நான் ஒரு சொல் பிழைவிட்டால் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திருத்துவார். சில மாதங்களில் வாய் திறந்துவிட்டது. கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்துக்குப் போய், மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று கையைக் காட்டி மறித்துவிட்டு, என் வீட்டு வாடகைப் பிரச்சினையை முழுதாக எடுத்துச் சொன்னேன். அந்த அதிகாரி அம்மா மிகுந்த இரக்கத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் ஒரு துருக்கி மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் என்னிடம் துருக்கியில் எந்த ஊர் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மொழி எது என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது.

வெட்கத்தில் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. ஆனால் அந்த மொழி ஏன் அவ்வளவு சுலபமாக எனக்குள் இறங்கியது என்று யோசித்தேன். நம் மொழியைப் போலவே அதிலும் வினை கடைசியில் வரும், ஒட்டுகள் எல்லாம் பெயருக்குப் பின்னால் வரும். 'எவ்' என்றால் வீடு. 'எவிம்' என்றால் என் வீடு. 'எவிம்டென்' என்றால் என் வீட்டிலிருந்து. 'எவ்லெரிமிஸ்டென்' என்றால் எங்கள் வீடுகளிலிருந்து. ஒன்றா பலவா, யாருடையது, எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கொழுவிக்கொண்டே போகலாம். 'வீடுகளிலிருந்து' என்று பால்குடியிலேயே சொல்லப் பழகியவனுக்கு இதில் என்ன பயம்? ஆனால் டேனிஷ்காரருக்கு அது பயம். அவர்கள் மொழியில் சொற்கள் தனித்தனியாக நிற்கும், அந்தச் சொற்களின் கடைசிப் பாதியையும் விழுங்கிவிடுவார்கள். கடைசியை விழுங்கிப் பழகியவர்களிடம், கடைசியில்தான் எல்லாம் இருக்கிறது என்று சொன்னால் ஓடாமல் என்ன செய்வார்கள்?

ஆகவே தம்பிமாரே, தங்கச்சிமாரே, முதல் நாளே விகுதி அட்டவணையைச் சுவரில் மாட்டாதீர்கள். நான் வகுப்புக்கு வெறுங்கையோடுதான் போவேன். எல்லோரும் பையில் இருப்பதை மேசையில் வைக்கச் சொல்வேன். திறப்புக்கொத்து, கண்ணாடி, அரைவாசி கடித்த ஆப்பிள். பிறகு ஒருவருடையதை மற்றவர் எடுத்து, இது யாருடையது, யாருக்குக் கொடுப்பது, யாரிடமிருந்து எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். பிறத்தியார் பொருளைத் தொடுவதற்கு டேனிஷ்காரர் படும் பாடு இருக்கிறதே! முதலில் மன்னிப்புக் கேட்பார்கள். அந்தக் கூச்சத்தில் படித்த உடைமை விகுதி ஆயுளுக்கும் மறக்காது.

நீல்ஸ் ஒருவருக்கு மட்டும் அதுவும் வேலை செய்யவில்லை.

நீல்ஸ் பஸ் ஓட்டுநர். மனைவியை இழந்தவர், என்னைவிட நாலு வயது மூத்தவர், கதவு நிலையில் தலை முட்டாமல் உள்ளே வர முடியாத உயரம். மற்றவர்கள் துருக்கியில் விடுமுறை கழிக்க வேண்டும் என்று மொழி படிக்க வந்தார்கள். ஏன் வந்தீர் என்று நீல்ஸைக் கேட்டதற்கு, முழு வகுப்புக்கும் முன்னால், "கலியாணம் கட்ட" என்றார். வகுப்பு கைதட்டியது. அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

பெண்ணின் பெயர் நெர்மின். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. ஒவ்வொரு நாளும் நீல்ஸின் பஸ்ஸில் போய் வந்திருக்கிறார். அவரும் கணவரை இழந்தவர், ஐம்பது தாண்டியவர். இரண்டு பேரும் டேனிஷில் நன்றாகக் கதைத்துக்கொள்வார்கள், அங்கே ஒரு குறையும் இல்லை. சிக்கல் நெர்மினின் தமையன் ஒஸ்மான். பிரெடெரிசியாவில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர். நெர்மினின் கணவர் இறந்தபோது கடையைப் பூட்டிவிட்டு வந்து, தங்கை மறுபடி எழுந்து நடமாடும்வரை கூடவே இருந்தவர். அந்த அண்ணன் 'ஓம்' சொல்லாமல் கட்டமாட்டேன் என்று நெர்மின் சொல்லிவிட்டார். ஒஸ்மானோ, முறைப்படி வரட்டும் என்றார். பெரியவர்கள் வந்து, எங்கள் மொழியில், எங்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்பதில் இல்லை என்பதும் அடங்கும்.

நீல்ஸ் ஒரு குளிர்காலம் முழுக்கப் பாடுபட்டார். வகுப்பு முடிந்து என் வீட்டுக்கும் வருவார். என் மனைவி சமைத்ததை, கண்ணால் மூக்கால் தண்ணீர் வடிய, மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார். ஆனால் விகுதி மட்டும் ஒட்டாது. "வீடு நெர்மின் அண்ணன் நான் போறது" என்று சொற்களை மேசையில் கொட்டிவிட்டு, நீங்களே அடுக்கிக்கொள்ளுங்கள் என்பதுபோல என்னைப் பார்ப்பார். ஒரு நாள் பேனையைக் கீழே வைத்தார்.

"எனக்கு அப்பா அம்மா இல்லை. சகோதரி நோர்வேயில, அவவுக்கு என்ர கலியாணத்தைவிட அவவின்ர நாய் முக்கியம். நீங்கள்தான் எனக்காகக் கேக்க வேணும்."

அவர் டேனிஷில் சொன்னதை நம் தமிழில் தருகிறேன். "நீல்ஸ், நான் உமக்கு இளையவன். நான் எப்பிடிப் பெரியவனாப் போறது?" என்றேன்.

"நீங்கள் வாத்தியார். வயசு கணக்கில்லை."

நான் யோசிப்பதற்குள் அடுப்படியிலிருந்து மனைவி வந்துவிட்டார். "பொம்பிளை கேக்கப் போறதோ? எப்ப? ஆர் ஆர் போறது? நானும் வாறன். பொம்பிளையள் இல்லாமல் போய் நிண்டால் அந்தச் சனம் என்ன நினைக்கும்?" என்றார். டென்மார்க்கில் பாதித் தமிழ்ப் பிள்ளைகளின் சம்பந்தம் தன் கைபட்டது என்பது அவர் நம்பிக்கை. துருக்கிச் சம்பந்தம் மட்டும்தான் குறையாக இருந்தது.

ஒஸ்மான் ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். அந்த நாள் வந்தது. மனைவி பட்டுச் சேலையில், மடியில் பலகாரத் தட்டோடு காரில் ஏறினார். நீல்ஸ் இருபது வருடத்துக்கு முந்திய கோட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பாதி வழியில் மனைவி கேட்டார்.

"எத்தினை மணிக்கு உள்ளுக்குப் போறம்?"

"ஐஞ்சு."

"ஐஞ்சோ? ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி மட்டும் ராகுகாலமப்பா! உங்களுக்கு விசரே? அதுக்குள்ள வாய் திறக்கேலாது."

இதை நீல்ஸுக்கு மொழிபெயர்த்தேன். அவர் முகம் வெளுத்தது. வாழ்நாள் முழுக்க ஒரு பஸ் தரிப்பிடத்துக்கும் பிந்திப் போகாத மனிதர் அவர். ஐந்து என்றால் ஐந்து, பிந்தினால் அது அவமரியாதை என்றார். மனைவியோ, ராகுகாலத்தில் கேட்டால் சம்பந்தம் விளங்காது, பிறகு என்னைக் குற்றம் சொல்லாதேங்கோ என்றார். ஒஸ்மான் வீட்டுத் தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் பார்த்தேன். பிள்ளைகளே, இப்படியான நேரத்தில் எது சரி என்று ஆராயக் கூடாது. இரண்டு பேரும் எதைப் பெரிதாக நினைக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். நீல்ஸுக்குக் கதவு மணி அடிக்கும் நேரம் பெரிது. மனைவிக்கு வாய் திறக்கும் நேரம் பெரிது. ஐந்துக்கு மணி அடிப்போம், ஆறுக்குப் பிறகு கேட்போம் என்றேன். நடுவில் இருக்கும் ஒரு மணித்தியாலத்தை நான் எப்படிக் கொண்டிழுக்கப் போகிறேன் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

ஒஸ்மான் கதவைத் திறந்தார். பெரிய மீசை, சிரிக்காத முகம். வரவேற்பறையில் அவர் மனைவியும் இன்னும் சில உறவினரும் சுவர் ஓரமாக இருந்தார்கள். நெர்மின் அடுப்படிக்குள், வழக்கப்படி. தேநீர் வந்தது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் காலநிலையைப் பற்றிக் கதைத்தேன். இரண்டாவது தேநீர் வந்தது. தெரு வேலைகளைப் பற்றிக் கதைத்தேன். மூன்றாவது தேநீரில் சரக்குத் தீர்ந்துபோனது. அப்போது மனைவி, அவருக்குத் தெரிந்த டேனிஷில், ஒஸ்மானிடம் நேராகக் கேட்டார்.

"உங்கட கடையிலயும் வெண்டிக்காய் முத்தலோ?"

எனக்கு உயிர் போய்விட்டது. ஒஸ்மானின் மீசை நிமிர்ந்தது. தன் கடையில் முத்தல் வெண்டிக்காய் ஒருநாளும் நுழைந்ததில்லை என்றார். நுனியை முறித்துப் பார்த்தீர்களா என்று மனைவி கேட்டார். தான் ஒவ்வொரு பெட்டியிலும் முறித்துப் பார்ப்பதாகவும், முறிக்கும் வாடிக்கையாளரைத்தான் கடையைவிட்டுக் கலைப்பதாகவும் அவர் சொன்னார். மனைவி சண்டைக்கு நின்றார். கத்தரிக்காய்க்குப் போனார்கள், பாகற்காயைத் தொட்டார்கள், டென்மார்க்கில் தக்காளி என்று விற்கப்படுவது தக்காளி அல்ல என்பதில் ஒற்றுமைப்பட்டார்கள். நான் கொண்டிழுக்க முடியாமல் திண்டாடிய அந்த ஒரு மணித்தியாலத்தை அவர்கள் மரக்கறியிலேயே முடித்தார்கள். இதெல்லாம் பெரிய மனிதத் தோரணை, வந்த விஷயத்துக்கு அவசரப்படாமல் வருகிறார்கள் என்று ஒஸ்மானின் உறவினர் மெச்சிக்கொண்டதாகப் பிறகு நெர்மின் சொன்னார். ராகுகாலத்தைப் பற்றி நாங்கள் மூச்சுவிடவில்லை.

மணி ஆறு தாண்டியது. மனைவி கண்ணால் காட்டினார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, துருக்கி மொழியில், "நாங்கள் என்ன காரியமாக வந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும்" என்று தொடங்கினேன். ஒஸ்மான் கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம். நீங்கள் இப்ப 'எங்கள்' எண்டு சொல்லப் போறியள். உங்கள் சகோதரியை எங்கள் ஆளுக்கு எண்டு. அப்பிடித்தானே?"

"ஓம்."

"நீங்கள் ஆர் அவருக்கு? எந்த உரிமையில 'எங்கள்'?"

 அந்த 'எங்கள்' என்ற ஒட்டை எத்தனை பேருக்குப் படிப்பித்திருப்பேன்? மேசையில் கிடந்த திறப்புக்கும் கண்ணாடிக்கும் ஒட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு மனிதரோடு அதை ஒட்டுவதற்கு முன்னால், ஒட்ட உனக்கு என்ன தகுதி என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. ஒன்றுவிட்ட சகோதரன் என்று புளுகலாமா என்றும் யோசித்தேன். பக்கத்தில் இரண்டு மீட்டர் உயரத்தில் வெள்ளை முடியோடு நீல்ஸ், இங்கே நான். புளுகுக்கும் ஒரு அளவு வேண்டும். வாத்தியார் என்று உண்மையைச் சொன்னால், வாத்தியாருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பார். நீல்ஸுக்கு எங்கள் பேச்சு விளங்கவில்லை, ஆனால் அறையின் அமைதி விளங்கியது. 

"என்னவாமப்பா?" என்றார் மனைவி. தமிழில் சொன்னேன். அவர் என்னைக் கடந்து ஒஸ்மானைப் பார்த்து, டேனிஷில், மறுபடியும் வெண்டிக்காய்க் குரலில் சொன்னார்.

"இந்தக் குளிர்காலம் முழுக்க என்ர கையால சோறு சாப்பிட்டவர். உறைக்குதெண்டு அழுதவர், ஆனால் ஒருநாளும் வேண்டாமெண்டு சொல்லேல்லை. உங்கட தங்கச்சிக்காகத்தான். அவருக்குச் சாப்பாடு போட்ட வீடு நாங்கள். வேற என்ன வேணும்?"

ஒஸ்மான் சிரிக்கவில்லை. தலையை ஆட்டினார். "கோப்பி வரட்டும்" என்றார்.

இந்தக் கோப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண் கேட்டு வரும் நாளில் துருக்கியர் வீட்டில் பெண்தான் கோப்பி கொண்டுவருவாள், மாப்பிள்ளையின் கோப்பையில் மட்டும் சீனிக்குப் பதிலாக உப்பைக் கொட்டிவைப்பாள். அவன் முகம் சுளிக்காமல் கடைசித் துளிவரை குடித்தால் பொறுமைசாலி. இதை நீல்ஸுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். அவருக்கு இரத்த அழுத்தம், உப்புக் கூடாது. ஆகவே டேனிஷ்காரர் செய்வதைச் செய்தார்: வைத்தியரிடம் நேரம் எடுத்துக்கொண்டு போய் அனுமதி கேட்டார். ஒரு கோப்பை குடிக்கலாம், ஆனால் கல்யாணம் இந்த ஒருமுறையோடு நிற்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னாராம்.

நெர்மின் தட்டத்தோடு வந்தார். சாம்பல் நிற உடுப்பு, தலை நரைத்திருந்தது, கை தடுமாறவில்லை. யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் ஒவ்வொருவருக்கும் கோப்பையைக் கொடுத்தார். நீல்ஸ் கோப்பையை வாங்கினார், கண்ணை மூடினார், ஒரே மடக்கில் விழுங்கினார். பிறகு கண்ணைத் திறந்தார். அந்த முகத்தில் நான் கண்டது பயம். என் பக்கம் குனிந்து, "உப்பில்லை" என்றார். "நல்ல சீனி. அவவுக்கு விருப்பமில்லையோ?"

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. என்னுடையதிலும் சீனிதான். அறையைச் சுற்றிப் பார்த்தேன். ஒஸ்மானின் கையில் கோப்பை பாதியில் நின்றது. மீசை அசையவில்லை, கண் இரண்டும் சிவந்து தண்ணீர் முட்டியது. நெர்மின் வெறும் தட்டத்தை மார்போடு பிடித்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து, அண்ணனை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பது தாண்டிய பெண்ணைக் குமரிபோல் அடுப்படியில் நிறுத்திவைத்து, முறை முறை என்று சொன்னவர் அவர்தானே? முறை வந்திருக்கிறது, குடியுங்கள் என்று அந்தப் பார்வை சொன்னது. ஒஸ்மான் தங்கையைப் பார்த்தார். பிறகு கோப்பையை உயர்த்தி, அடி மண்டிவரை குடித்து, சத்தமில்லாமல் மேசையில் வைத்தார்.

இதுதான் தருணம் என்று எனக்குப் பட்டது. "உங்கள் சகோதரியை எங்கள் சகோதரருக்குக் கேட்டு வந்திருக்கிறோம்" என்றேன். இலக்கணப் பிழை இல்லை, ஆனால் குரல் உடைந்துவிட்டது. 'எங்கள்' என்ற இடத்தில்தான் உடைந்தது.

ஒஸ்மான் பதில் சொல்லவில்லை. தொண்டையில் உப்பா, வேறு ஏதாவதா தெரியாது. நெர்மின் சுவரோடு நின்றார். அந்த அமைதியை யாராலும் தாங்க முடியவில்லை, நீல்ஸால் துளியும் முடியவில்லை. தாங்க முடியாத நேரத்தில் ஒரு டேனிஷ் மனிதர் என்ன செய்வார்? மேசையைத் துப்புரவாக்குவார். நீல்ஸ் எழுந்தார். ஒஸ்மானின் வெறும் கோப்பையை முதலில் எடுத்தார், பிறகு மற்றவர்களுடையதை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, ஒருவரையும் பார்க்காமல் அடுப்படிக்கு நடந்தார். கதவு நிலையில் தலை முட்டியது.

உறவினர் வாயைப் பொத்தினார்கள். பதில் கிடைக்காத மாப்பிள்ளை பெண் வீட்டு அடுப்படிக்குள்! "ஐயோ, இந்த மனுசன் எல்லாத்தையும் கெடுக்கப் போகுது" என்று மனைவி என் கையைக் கிள்ளினார். ஒஸ்மானின் மனைவி துள்ளி எழுந்து, கோப்பையைப் பறிக்க ஓடினார். நானும் கதிரையிலிருந்து பாதி எழுந்துவிட்டேன், வகுப்பில் பிழைவிட்ட மாணவரைத் தடுப்பதுபோல. ஏனோ தெரியவில்லை, மறுபடி உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே கெட்டித்தனம் அதுதான்.

ஒஸ்மான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தன் மனைவிக்குக் கையைக் காட்டினார்.

"விடு," என்றார். "அவரின்ர சொந்த வீடு."

அறையில் ஒரே சத்தம். யாரோ கைதட்டினார்கள், யாரோ அழுதார்கள். "என்னவாம்? என்ன சொன்னவர்?" என்று மனைவி என்னை உலுக்கினார். "பொம்பிளையைக் குடுத்திட்டார்" என்றேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவில்லை. யாருக்காக எல்லோரும் ஒரு குளிர்காலம் பாடுபட்டோமோ அவருக்கு மட்டும் எதுவும் தெரியாது. உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது, நீல்ஸ் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். போய்ச் சொல்லுங்கள் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அசையவில்லை. நெர்மின் தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் குழாய் நின்றது.